மறுபக்கம் பார்த்தவர்

அவ்வம்மையாரை நான் முதன்முதலில் அறிந்தது அவர் முகத்தால் அன்று. என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஒரு சிவப்பு அம்பினால். அருள்புரத்துக்கு அருகில் ஒரு பனியன் கம்பெனியில் நான் வேன் ஓட்டுநராகச் சேர்ந்த முதல் வாரம் அது. காலையில் தொழிலாளர்களை இறக்கிவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கழுத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க, செக்கிங்கக்கா உங்களையும் ரிஜெக்ட் பண்ணீட்டாங்களா?"

கையை வைத்துத் தடவினால், நகத்தளவில் பசையுள்ள ஒரு காகித அம்பு. அது சுட்டிய இடத்தில் காலர்த் தையல் இரண்டு அங்குலம் பிரிந்திருந்தது. என் மனைவியும் நானும் பல நாள் பார்த்தும் பாராத பிரிவு. எனக்குப் பின்னிருக்கையில் அமர்ந்து வந்த ஒருவர், ஒரு சொல்லும் சொல்லாமல் அதைக் கண்டு ஒட்டிவிட்டு இறங்கிப் போயிருந்தார்.

எங்கள் தொழிலை அறியாதவர்களுக்கு ஒன்று கூறுதல் வேண்டும். தைத்து வரும் பனியனில் ஓட்டையோ கறையோ தையல் பிசகோ இருந்தால், அதனைச் சோதிப்பவர்கள் குறை உள்ள இடத்தைச் சுட்டிச் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டுவார்கள். பேச்சு தேவையில்லை. தைத்தவர் வந்து பார்த்தால் அம்பே எல்லாவற்றையும் சொல்லிவிடும். அம்மையார் அப்பிரிவின் தலைவி. வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். இடுப்பில் செருகிய துணிப்பையில் அம்புத் தாள் எப்போதும் இருக்கும். கம்பெனியின் வாசலைத் தாண்டினால் அந்தப் பை கழற்றப்படும் என்று யாரேனும் எண்ணினால் அது தவறு.

என் வேனின் மூன்றாம் இருக்கையில் ஆணி தளர்ந்தது, அம்பு. கேண்டீன் தம்ளரின் அடியில் மயிரிழை விரிசல், அம்பு. முதலாளியின் மேசைக் கண்ணாடியில் ஒரு மூலை உடைந்திருந்தபோது அங்கும் ஓர் அம்பு ஒட்டப்பட்டது. முதலாளி அதைப் பார்த்துக் கோபித்துக்கொள்வார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் மறுநாள் கண்ணாடியை மாற்றிவிட்டு, "அந்தம்மாகிட்டச் சொல்லீருங்க, ரீசெக் பண்ணச் சொல்லி" என்றார். அம்மையார் போய், கண்ணாடியைத் தூக்கி அடிப்பக்கத்தையும் பார்த்துவிட்டே வந்தார்.

அதுவே அவருடைய குணத்தின் ஆணிவேர். எதையும் திருப்பிப் பார்க்காமல் அவரால் ஒப்புக்கொள்ள இயலாது. பனியனை எடுத்தால் முதலில் உள்பக்கத்தை வெளியே இழுப்பார். "நேர்ப்பக்கம் ஊருக்கு, மறுபக்கம் நமக்கு. மறுபக்கம் பாக்காம பாஸ் பண்ணினா அது செக்கிங் இல்லீங்கண்ணா, கண்ணு சிமிட்டறது" என்பார். சந்தையில் கத்தரிக்காயைக் காம்புப் புறமாகக் கவிழ்ப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால் பின்புறத்தை முதலில் படிப்பார். தம் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், கூடத்தில் போட்ட நாற்காலியில் உட்காராமல் நேரே கொல்லைப்புறம் போய்விட்டாராம். மாப்பிள்ளையின் தாய் பின்னாலேயே ஓடி, "அங்கெதுக்குங்க போறீங்க, மாடு கட்டியிருக்குது" என்றாராம். "மாட்டைத்தானுங்க பாக்க வந்தேன்" என்று இவர் விடை கூறினாராம். மாடு கொழுத்திருந்தது. தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தது. சம்பந்தம் முடிந்தது. அத்தங்கை இன்றும் நன்றாக வாழ்கிறாள் என்று கேள்வி.

இப்படிப்பட்டவர் ஒரேயொரு முறை மறுபக்கம் பார்க்கத் தவறினார். அந்தத் தவறுதான் எங்கள் இருவரையும் நோய்க்காலத்தில் புலிகள் காப்பகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

ஊரடங்குக்கு முந்தைய நாட்கள் அவை. நோய் வருகிறது என்ற பேச்சு எங்கும் இருந்தது. அதற்குள் சரக்கு முடியாவிட்டால் ஏற்றுமதிக் கப்பல் போய்விடும் என்ற பேச்சு அதைவிடப் பெரிதாக இருந்தது. முதலாளியின் மகன் செக்கிங் மேசைக்கு அருகிலேயே நின்று, "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு கட்டுப் பனியன்களில் தோள்பட்டைத் தையலோரம் சிறு சிறு ஓட்டைகள் தென்பட்டன. தைத்தவள் மாசாணி. உடுமலைக்குத் தெற்கே காப்பகத்தின் உள்ளிருக்கும் ஒரு மலைக் குடியிருப்பிலிருந்து வந்து, விடுதியில் தங்கி, துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் வேலை செய்த பெண். இருபத்திரண்டு வயது, கை வேகம். மழுங்கிய ஊசியோடு தைத்தால் துணி அறுபடும். அதை ஊசி வெட்டு என்போம். அம்மையார் மேற்புறத்தைக் கண்ட மாத்திரத்தில் ஊசி வெட்டு என்று அவ்வளவையும் தள்ளிவிட்டார். அத்தோடு நிற்கவில்லை. நாற்பது பேர் வேலை செய்யும் கூடத்தின் நடுவில் நின்று, "காட்டுக்காரி கையில மெஷினைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றும் சொல்லிவிட்டார்.

மாசாணியை மெஷினிலிருந்து எழுப்பி, நூல் பிசிறு வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் ஊரடங்கு வந்தது. உடுமலைப் பக்கம் போன ஒரு காய்கறி லாரியில் அவளும் ஏறிப் போய்விட்டாள்.

மே மாதத்தில் கம்பெனி மீண்டும் திறந்தது. பனியனுக்கு ஆர்டர் இல்லை, முகக்கவசம் தைத்தோம். வேனில் ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கையில் ஆட்கள். வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி. உள்ளே போகுமுன் கபசுரக் குடிநீர். ஒருநாள் செக்கிங் மேசையின் அடியைக் காலி செய்தபோது, தள்ளப்பட்ட அந்தக் கட்டு அகப்பட்டது. அம்மையார் வழக்கம் போல ஒன்றை எடுத்து உள்பக்கத்தை வெளியே இழுத்தார்.

மாலையில் எல்லோரும் இறங்கிய பின்னரும் அவர் வேனில் அமர்ந்திருந்தார். அந்தப் பனியனை என்னிடம் நீட்டினார்.

"இதைப் பாருங்கண்ணா. தையல் மடிப்புக்கு உள்ளேயும் ஓட்டை இருக்குது பாருங்க. நூல் முனையெல்லாம், தைக்கறதுக்கு முன்னாடி துணியைத் துவைக்கறப்பவே அடிபட்டுப் பஞ்சாயிருக்குது. தைக்கும்போது அறுந்திருந்தா இப்படி இருக்காதுங்க. துணி நெய்யற மெஷின்லயே விழுந்த ஓட்டை. அந்தப் புள்ள கைக்கு வரும்போதே ஓட்டையாத்தான் வந்திருக்குது."

"போன் பண்ணிச் சொல்லீரலாமுங்களே அம்மிணி."

"அங்கே டவர் கிடையாதுங்க."

"அப்போ ஒரு காயிதம் எழுதிக் குடுத்தனுப்பலாம்."

அவர் தலையசைத்து மறுத்தார். "நாப்பது பேரு நடுவுல சொன்னதை மூலையில உக்காந்து எழுதித் திருப்பி எடுக்க முடியாதுங்கண்ணா. நேர்ல போய்ச் சொல்லோணும். அவ சரின்னு சொல்லோணும். அது வரைக்கும் என்ற கை எதையும் பாஸ் பண்ணாது."

இதை நான் ஒரு பேச்சாகவே எண்ணினேன். ஆனால் மறுநாள் முதல் அவர் சரி என்று எந்தக் கட்டிலும் கையெழுத்திடவில்லை. குறை கண்டால் அம்பு ஒட்டுவார். குறை இல்லையென்றால் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "நீயே ஒருக்காப் பாத்துக் கையெழுத்துப் போட்டுரு கண்ணு" என்று நகர்த்திவிடுவார். தம் கண்ணைத் தாமே நம்பாத ஒருவரைக் காண்பது எங்களுக்கு அச்சமாகவே இருந்தது.

காப்பகத்தை அப்போது மூடியிருந்தார்கள். வெளியார் எவரும் போகலாகாது. அம்மையார் முதலாளியிடம் நின்று, மலைக் குடியிருப்புக்கும் வனக் காவலர்களுக்கும் ஐந்நூறு முகக்கவசங்களைக் கேட்டு வாங்கினார். அவற்றைக் கொண்டு சேர்க்க அனுமதிக் கடிதம் பெற ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. கடிதம் கைக்கு வந்ததும் அதன் பின்புறத்தையும் பார்த்துவிட்டு, "போலாமுங்களாண்ணா" என்றார்.

பல்லடம் தாண்டி உடுமலைச் சாலையில் என் வேனைத் தவிர வேறு வண்டி அரிது. காற்றாலைகள் மட்டும் ஆளில்லாத நாட்டில் வேலை செய்வன போலச் சுழன்றுகொண்டிருந்தன. அம்மையார் பின்னிருக்கையில் அமர்ந்து ஐந்நூறு முகக்கவசங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். உடுமலை சேர்வதற்குள் பதினொன்றில் அம்பு ஒட்டி ஒதுக்கியாயிற்று.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் காக்கி உடுத்திய காவலர் ஒருவர் எங்களுக்குத் துணையாக ஏறிக்கொண்டார். முப்பது வயதிருக்கும். விதிகளை முதலில் கூறினார்: வழியில் இறங்கக் கூடாது, ஒலிப்பான் அடிக்கக் கூடாது, நான்கு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், குடியிருப்பு மக்கள் தாங்களே மூங்கில் கட்டித் தடுத்திருக்கிறார்கள், அதைத் தாண்டக் கூடாது. பின்பு, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். அம்மையார் பெயரைச் சொன்னார்.

"மாசாணியா? என்ற சித்தப்பா மகதானுங்க. அவளையெதுக்குங்க?"

"கம்பெனிக்குத் திரும்ப வருவாளான்னு…" என்று நான் தொடங்கினேன்.

"வரமாட்டாளுங்க. ஊட்டுல ஒரு பழைய தையல் மெஷின் கிடக்குது. அதைக்கூடத் தொடறதில்ல. கேட்டா, காட்டுக்காரி கைக்கு மெஷின் ஆகாதுன்னு சொல்றா. எந்த மகராசி சொன்னாளோ."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தானுங்க அந்த மகராசி" என்றார்.

காவலர் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் சாலையைப் பார்த்துக்கொண்டேன். பார்ப்பதற்கு அங்கே நிறைய இருந்தது. தார்ச்சாலையின் இரு ஓரமும் புல் ஏறி, சாலை பாதியாகச் சுருங்கியிருந்தது. கிலோமீட்டர்க் கல்லின் மேல் கருங்குரங்கொன்று வாலைத் தொங்கவிட்டு அமர்ந்து, எங்களை நிதானமாகப் பார்த்தது. புள்ளிமான்கள் சாலையிலேயே படுத்திருந்தன; வேன் பத்தடியில் நின்ற பின்னரே, வேண்டா வெறுப்பாக எழுந்தன. மனிதர் வீட்டுக்குள் அடைந்த சில மாதங்களில், சாலை யாருடையது என்பதை அவை மறுபடி நினைவு கொண்டுவிட்டன போலும்.

அம்மையார்தான் முதலில் வாய் திறந்தார். "ஏனுங்க தம்பி, இந்த மானுக்கு இந்தப் பக்கம் இருக்கிற புள்ளியும் அந்தப் பக்கம் இருக்கிற புள்ளியும் ஒண்ணா இருக்குமுங்களா?"

காவலர் சிரித்தார். "மானை எண்ணிப் பாத்ததில்லீங்க. புலிக்கு ஒண்ணா இருக்காது. இந்தப் பக்கம் ஒரு மாதிரி கோடு, அந்தப் பக்கம் வேற மாதிரி. நாங்க கேமரா கட்டும்போது பாதைக்கு ரெண்டு பக்கமும் கட்டுவோமுங்க. ஒரு பக்கத்தை மட்டும் பாத்து இது இன்ன புலின்னு எழுதினா தப்பாயிருமுங்க. ஒரே புலியை ரெண்டு புலின்னு எழுதீருவோம்."

"ரெண்டு பக்கமும் பாத்தாத்தான் எழுதுவீங்களா?"

"ஆமாங்க."

"காட்டுலகூட அப்படித்தான் பாக்கறாங்க" என்றார் அம்மையார், என்னை நோக்கி.

ஒரு வளைவில் யானையொன்று மூங்கில் புதரிலிருந்து சாலைக்கு வந்தது. பெண் யானை. எங்களை ஒரு கணம் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் மறுபுறம் இறங்கியது. மணி இரண்டைக் கடந்திருந்தது. நான்கு மணிக்குள் திரும்ப வேண்டுமே என்ற எண்ணத்தில் நான் கியரைப் போட்டேன். காவலரும் போகலாம் என்று தலையசைத்தார்.

"எடுக்காதீங்கண்ணா" என்றார் அம்மையார் பின்னிருந்து. "அதும் பின்பக்கம் என்ன இருக்குதுன்னு நாம இன்னும் பாக்கல."

நான் பிரேக்கை மிதித்தேன். ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. புதர் அசைந்தது. இன்னும் இரண்டு யானைகளும், அவற்றின் கால்களுக்கு இடையே ஒரு கன்றும் வெளிப்பட்டன. கன்று சாலை நடுவில் நின்று, தார் சூடாக இருந்தது போலும், ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. நான் முன்னமே வண்டியை நகர்த்தியிருந்தால் தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போய் நின்றிருப்பேன். காவலர் என் தோளைத் தொட்டு, "இந்தக்காவை எங்க டிபார்ட்மெண்டுக்குக் குடுத்துருங்க" என்றார்.

குடியிருப்புக்குப் போகும் மண்பாதையின் தொடக்கத்தில் மூங்கில் குறுக்கே கட்டப்பட்டிருந்தது. வேப்பிலைக் கொத்துகள் தொங்கின. நடுவே ஒரு தட்டையான கல். பொருளைக் கல்லின் மேல் வைத்துவிட்டு இருபது அடி பின்வாங்க வேண்டும்; அதன் பின்னரே அவர்கள் வந்து எடுப்பார்கள். காவலர் மூங்கில் ஓரமாய் நின்று குரல் கொடுத்தார். சிறிது நேரத்தில் ஆண்களும் பெண்களுமாக முப்பது நாற்பது பேர் மூங்கிலுக்கு அப்பால் வந்து நின்றனர். முந்தானையாலும் துண்டாலும் வாயை மூடியிருந்தார்கள். மாசாணி கடைசியில் நின்றாள். அம்மையாரைக் கண்டதும் முந்தானையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள்.

அம்மையார் முகக்கவச மூட்டையைக் கல்லின் மேல் வைத்தார். அதன்மேல் அந்தப் பனியனை, உள்பக்கம் வெளியே தெரிய, விரித்து வைத்தார். ஓட்டையை நோக்கி ஓர் அம்பு ஒட்டியிருந்தது. பின்பு இருபது அடியும் எண்ணிப் பின்னால் நடந்து வந்து நின்றார்.

மாசாணி வரவில்லை. "போ புள்ள, உனக்குத்தான் வந்திருக்குது" என்று காவலர் மூன்று முறை அழைத்த பின் வந்தாள். பனியனை எடுத்தாள். தையல் மடிப்பை நகத்தால் விலக்கினாள். தொழில் தெரிந்தவளுக்கு ஒரு பார்வை போதும். அவள் விரல் அந்த இடத்திலேயே நின்றது.

"கண்ணு" என்றார் அம்மையார். இருபது அடிக்குக் கேட்க வேண்டுமென்று குரலை உயர்த்தியதால் அது எல்லோருக்கும் கேட்டது. "அது உன்ற தையல் இல்ல. துணியிலேயே இருந்த ஓட்டை. அன்னைக்கு நான் மறுபக்கம் பாக்கல. பாக்காமலே உன்னையத் தள்ளிப்போட்டேன். இன்னொரு பேச்சும் பேசினேன். அதை இந்த ஊரு முன்னாடி திருப்பிச் சொல்ல என்ற வாய்க்கு வரமாட்டேங்குது. ஆனா அது ஓட்டைதான். அது என்ற ஓட்டை."

இடுப்புப் பைக்குள் கைவிட்டார். ஓர் அம்பை உரித்துத் தம் முகக்கவசத்தின் மேல், வாய் இருக்கும் இடத்தைச் சுட்டி ஒட்டிக்கொண்டார்.

காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பார்க்காதவர் போல நின்றார். மாசாணி அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பனியனைக் கல்லிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்றே நான் எண்ணினேன். அவளோ அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் மூங்கிலைப் பற்றிக்கொண்டாள்.

"திரும்புங்கக்கா" என்றாள்.

"என்ன கண்ணு?"

"திரும்பி நில்லுங்க. மறுபக்கம் பாக்காம பாஸ் பண்ணக்கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மையார் திரும்பி நின்றார். அவர் முதுகு இப்போது மாசாணிக்கு, முகம் வேனருகே நின்ற எனக்கு.

"கையைத் தூக்குங்க்கா. அக்குள் தையல் பாக்கோணும்."

இரு கைகளையும் தூக்கினார்.

"இன்னும் கொஞ்சம். ஆங். காட்டுக்காரிக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்க்கா, பயப்படாதீங்க."

அவள் வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டாள். ஒரு கட்டுப் பனியன் முழுவதையும் சோதிப்பவள் போல மேலிருந்து கீழும், தோளிலிருந்து தோளுக்கும் பார்த்திருக்க வேண்டும். பாதையில் காற்று வந்து வேப்பிலையை அசைத்தது. கைகளைத் தூக்கியவண்ணம் அம்மையார் ஒரு பனியனைப் போலவே அசையாமல் நின்றார்.

"பாஸுங்க்கா" என்றாள் மாசாணி.

மாசாணியும் ஊராரும் காவலரும் அவருடைய முதுகைத்தான் கண்டார்கள். மறுபக்கத்தைக் கண்டவன் நான் ஒருவனே. கைகளைக் கீழே விட மறந்து அவர் நின்றிருந்தார். முகக்கவசம் மேலிருந்து கீழாக நனைந்துகொண்டே வந்தது. ஈரம் எட்டியதும் அந்தச் சிவப்பு அம்பு பசை விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, உதிர்ந்தது.